மாடி வீட்டுக்கு அளவு கொடுத்தவர்

சிறிய ஆபீஸ் வைத்துக்கொண்டு வீடுகளுக்குப் பிளான் போடும் இளைஞர்கள் சிலர் எப்போதாவது என்னிடம் வருகிறார்கள். இந்தத் தொழிலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். சுவரின் கனம், கூரையின் சரிவு எல்லாவற்றையும் அவர்கள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறார்கள். நான் சொல்லக்கூடியது ஒரு வீட்டின் கதை மட்டும்தான். கோயமுத்தூருக்குக் கிழக்கே பருத்திக்காடுகள் தொடங்கும் இடத்தில் இருந்த பழைய ஓட்டு வீடு அது. அதை இடித்துத் திருத்தி, மேலே மாடி எடுத்துக் கொடுத்தோம்.

நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் ஊருக்கு வந்த புதிது. மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. பருத்தியில் பணம் பார்த்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு மாடி வேண்டும், மின்விளக்கு வேண்டும் என்ற ஆசை பிறந்திருந்தது. நானும் என் நண்பனும் மராமத்து இலாகாவில் வேலை பார்த்தவர்கள். நான் வரைபவன், அவன் ஓவர்சியர். இருவரும் சர்க்கார் வேலையை விட்டுவிட்டு, ராஜவீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பாத்திரக்கடையின் மேலே அறை பிடித்தோம். கீழே நாளெல்லாம் அண்டாக்களுக்கு ஒடுக்கெடுப்பார்கள். அந்தச் சத்தத்தில் வந்தவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். ஆர்க்கிடெக்ட் என்ற சொல் அன்று யார் வாயிலும் வராது. நான் ‘பிளான் போடறவரு’, அவன் ‘இஞ்சினீரு’.

வருகிறவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பேச்சுத்தான். மதராஸில் பார்த்த பங்களாவைப் பற்றிச் சொல்வார்கள். வாசலில் தூண் வேண்டும், வளைவு வேண்டும், கலர் கண்ணாடி வேண்டும். சமையலறை எங்கே என்று கேட்டால், “அது பொம்பளைங்க சமாச்சாரமுங்க, பின்னால எங்காச்சும் போட்டுடுங்க” என்பார்கள்.

அதனால்தான் பருத்தியில் கொட்டை நீக்கும் அந்த ஜின்னிங் பாக்டரிக்காரர் வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாற்பதைத் தாண்டியவர். மெல்லிய குரல். பாத்திரக்கடைச் சத்தத்தையும் மீறி அவர் குரலை உயர்த்தவில்லை. நாங்கள்தான் குனிந்து காது கொடுத்தோம். கூலியாளைக்கூட அவர் ‘ங்க’ போட்டுத்தான் கூப்பிடுவார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“எனக்கு ஊட்டப் பத்தி ஒன்னுந் தெரியாதுங்க. ஊட்டுக்காரியக் கேட்டுக்குங்க. அவ என்ன சொல்றாளோ அதுதான் பிளான்” என்றார்.

நான் நண்பனைப் பார்த்தேன். இப்படி ஒருவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

அவருடைய மனைவி உயரமானவர். முப்பதைத் தாண்டியிருப்பார். குழந்தை இல்லை. வீடு, மாடு, ஆள்காரர்கள், பருத்தி எடுக்கும் பெண்கள் எல்லாம் அவர் மேற்பார்வையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. முதல் நாள் என்னோடு பேசவே தயங்கினார். கதவோரம் நின்று, “அவிங்க இஷ்டமுங்க” என்று மட்டும் சொன்னார். மறுமுறை போனபோது, சமையலறையில் புகை எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. வீடு முழுக்க என்னை அழைத்துக்கொண்டு நடந்தார்.

ஆடி மாதத்துப் பாலக்காட்டுக் காற்று எந்த ஓட்டைத் தூக்கும், மழை எந்த மூலையில் இறங்கும், காலை வெயில் எந்தச் சுவரில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். குனிந்து குனிந்து சமைத்து இடுப்பு போய்விட்டதால், நின்றபடி சமைக்க அடுப்புமேடை வேண்டும் என்றார். மாடியில் படுக்கும் அறைக்கு மேற்கே பெரிய ஜன்னல் வேண்டும், மலை தெரிய வேண்டும் என்றார்.

“உக்காந்துக்கிட்டே வாசல்ல யாரு வாராங்கன்னு பாக்கோணுமுங்க. அந்த அளவுக்குத் தாழ்வா வெச்சுப்போடுங்க” என்று சிரித்தார்.

அலமாரித் தட்டுகளுக்கு உயரம் வேண்டும் என்றேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. சுவரோரமாக நிற்கச் சொல்லி, அவர் தோள் வரும் இடத்தையும் கை எட்டும் இடத்தையும் கரியால் கோடு போட்டேன். அவர் அந்தக் கோடுகளைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்து இத்தன வருசமாச்சு. என்ற உசரத்த இதுக்கு முன்னால ஒருத்தரும் கேட்டதில்லீங்க.”

கீழே பின்கட்டில் ஒரு தானிய அறை கேட்டார். கனத்த சுவர், இரும்புப் பட்டை அடித்த ஒற்றைக் கதவு, வெளித்தாழ்ப்பாள். ஜன்னல் கூடவே கூடாது என்றார். வெயிலும் ஈரக்காற்றும் மாறி மாறிப் பட்டால் தானியத்தில் வண்டு விழும், ஜன்னல் இருந்தால் எலி வரும். கூரையை ஒட்டிக் கம்பிவலை போட்ட ஒரு சின்னத் துவாரம் போதும் என்றார். தானிய அறைக்கு அது மிகச் சரியான யோசனை. அப்படியே வரைந்தேன்.

பிளானைக் கணவரிடம் காட்டினோம். அவர் ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை. “அவ சொல்லீட்டாள்ல, அப்பறம் என்னங்க” என்றார். அன்று மாலை நண்பனோடு காபி குடிக்கும்போது, வீட்டுக்காரர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நான் பெருமையாகப் பேசினேன்.

வேலை தொடங்கியதும் அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைட்டிலேயே இருந்தார். சுண்ணாம்பு அரைபடுவதைக் கையால் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பார். செங்கல்லைத் தட்டிப் பார்த்து ஒதுக்குவார். சாயங்காலம் கூலிப்பெண்களோடு சேர்ந்து புதுச்சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவார். எங்களுக்குச் சைட்டில் பாதி வேலை குறைந்தது. நண்பன் வாரத்துக்கு ஒருமுறை வந்து போனால் போதும் என்றாகிவிட்டது.

மாடிச் சுவர் எழும்பி, ஜன்னல் நிலைகள் வைத்த பிறகு ஒருநாள் காலை கணவர் என்னோடு மேலே வந்தார். படுக்கும் அறையைக் காலால் அளந்தார்.

“இங்க பெரிய கட்டில் போட எடம் பத்துமுங்களா? தேக்குல செஞ்சு வருது. பொண்ணூட்டுச் சீருங்க.”

“எந்தப் பொண்ணூட்டிலிருந்துங்க?”

“கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். வாழத்தோட்டம் நெம்ப வெச்சிருக்கறாங்க. தையில கண்ணாலம்.”

ஒரு நிமிடம் எனக்கு எதுவும் விளங்கவில்லை. தம்பிக்கோ உறவுக்காரருக்கோ என்று நினைத்தேன். அவருக்குத் தம்பி கிடையாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கீழே அவர் மனைவி யாரையோ அதட்டும் குரல் கேட்டது. மணலில் வேர் இருக்கிறது, சலித்துக் கொண்டு வா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“அவங்களுக்குத் தெரியுமுங்களா?” என்றேன்.

“ஊடு முடியட்டுமுங்க. இப்பச் சொன்னா வேல நின்னுபோகும். அவளாட்ட நின்னு வேல வாங்கறதுக்கு எங்கீங்க ஆளு கெடைக்குது?” அவர் ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். “பாருங்க, எத்தன ஆசையாச் செய்யறா. அவ கையாலயே முடியட்டும்.”

இதை அவர் கோபமாகவோ திருட்டுத்தனமாகவோ சொல்லியிருந்தால் எனக்கு ஒருவகையில் ஆறுதலாக இருந்திருக்கும். நல்ல மாடு ஒன்று அமைந்ததைச் சொல்கிறவர் போலச் சொன்னார்.

நண்பனிடம் சொன்னேன். “அது அவங்க குடும்ப விஷயம்ப்பா. இரண்டாம் கல்யாணம் இந்த ஊர்ல புதுசா? நாம போனா வேற ஆள் வருவான். வீடு அப்படியேதான் நிக்கும்” என்றான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இருந்தாலும் அந்த அம்மாவிடம் சொல்வது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் போனபோது அவர் மாடியில் குடத்தோடு நின்று சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கூலிப்பெண்கள் சோற்றுக்கு இறங்கியிருந்தார்கள். சுற்றி வளைக்காமல் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். கோபிச்செட்டிபாளையம், தை மாதம், தேக்குக் கட்டில்.

அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். வலிந்து சிரித்த சிரிப்பாகத் தெரியவில்லை.

“தம்பி, உங்களுக்கு இன்னும் கண்ணாலம் ஆகலீங்கல்ல?”

“இல்லீங்கம்மா.”

“அதானுங்க. ஆம்பளைங்க நாலு பேரு உக்காந்தா இப்பிடி வெளையாட்டுக்குப் பேசறதுதான். நீங்க நெசம்னு எடுத்துக்கிட்டீங்க.”

“விளையாட்டா அவர் சொல்லலீங்கம்மா. மாசம் வரைக்கும் சொன்னாருங்க.”

அவர் முகம் மாறியது. “அவிங்க அப்பிடிப்பட்டவிங்களா இருந்தா, இந்த ஊட்ட என்னையக் கேட்டுக் கேட்டு எதுக்குங்க கட்டறாங்க? என்ற கைக்கு எட்டற மாதிரி எதுக்குத் தட்டு வெக்கறாங்க?”

பதில் தெரிந்திருந்தது. அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை.

“எங்கூட்டுக்காரரப் பத்தி என்றகிட்டயே வந்து பேசறீங்க. இனி இப்பிடிப் பேசாதீங்க” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டார்.

இரண்டொரு நாளில் கணவர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

“நீங்க சொன்னத அவ என்றகிட்டச் சொல்லீட்டாளுங்க. உங்க மேல அவளுக்கு நெம்பக் கோவம். நாந்தான் சமாதானம் பண்ணி வெச்சிருக்கறன். இனி நீங்க சைட்டுப் பக்கம் வர வேண்டாமுங்க, உங்க கூட்டாளி போதும்.” எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். “அவள நம்ப வெக்கறதுக்கு நான் ஒன்னுமே சொல்லலீங்க. அவளே நம்பிக்கிட்டா.”

வீடு முடிந்தது. கிரகப்பிரவேசமும் கல்யாணமும் ஒரே வாரத்தில் நடந்தன. நான் போகவில்லை. போய்வந்த நண்பன் சொல்லித்தான் தெரியும். கிரகப்பிரவேசத்தன்று அந்த அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, வந்த பெண்களுக்கெல்லாம் அடுப்புமேடையைக் காட்டிக்கொண்டிருந்தாராம். எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, கணவர் அவரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னாராம்: வரும் வெள்ளிக்கிழமை பொண்ணு வருது, ஆரத்தி தட்டு நீதான் எடுக்கோணும். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. அடுப்புமேடையைப் புகழ்ந்த பெண்களுக்கும் தெரிந்திருந்தது. நம்பாமல் இருந்தது அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை அவர் ஆரத்தி எடுத்தார்.

கொஞ்ச நாள் கழித்து எங்களுக்கு ஆள் வந்தது. தட்டுகளையும் அடுப்புமேடையையும் தாழ்த்த வேண்டும், முதலில் அளவெடுத்தவரே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார் கணவர். நண்பன் போய்விட்டு வா என்றான். அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று பார்க்கத்தான் போனேன்.

புதுப்பெண் பதினாறு வயதைத் தாண்டாதவள். மிகவும் குள்ளம். அடுப்புக்கு முன்னால் ஒரு மணைப்பலகையைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று சமைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா பக்கத்தில் நின்று, மேல்தட்டிலிருந்து அவளுக்குச் சாமான்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

கணவர் உள்ளே வந்தார். “அளவு எடுங்க. இந்தத் தடவ சரியான ஆளுக்கு எடுத்துப்போடுங்க.”

அந்தப் பெண், “வேண்டாமுங்க. அக்கா எடுத்துக் குடுக்கறாங்க, எனக்கு அதே போதுமுங்க” என்றாள்.

“உன்னக் கேக்கல கண்ணு” என்றார் அவர், அதே மெல்லிய குரலில்.

அந்தப் பெண்ணைச் சுவரோரமாக நிறுத்திக் கோடு போட்டேன். அவள் அழுதுகொண்டே நின்றாள். அந்த அம்மா எங்கும் போகவில்லை. கணவர் அவரைப் போகவும் விடவில்லை. நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் பிடித்துக்கொண்டார்.

வேலை முடிந்து பின்கட்டு வழியாக வெளியே வரும்போது தானிய அறையின் கதவு திறந்திருந்தது. மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு தகரப்பெட்டி. பருத்திக்கொட்டை நெடி மூக்கைக் குத்தியது. பகலிலேயே உள்ளே கை தெரியவில்லை. இது யாருடைய பாய் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. ஆசாரம் எனப்படும் முன்கூடம் இப்போது பாக்டரிக் கணக்குப்பிள்ளையின் ஆபீஸ். பக்கத்து அறை ஒறம்பரைக்கு, அதாவது வரும் விருந்தாளிகளுக்கு. மாடி புதுப்பெண்ணுக்கு. பிளானில் மிச்சம் இருந்தது இந்த அறைதான்.

பின்னாலேயே வந்த கணவரிடம் சொன்னேன்: “இது ஆள் படுக்கற அறை இல்லீங்க. காத்தே இல்ல. கிழக்குச் சுவத்துல ஒரு ஜன்னலாவது வைக்கோணும். நானே கொத்தனாரோட வந்து நின்னு செஞ்சு குடுக்கறனுங்க.”

“சன்னல் வேண்டாம்னு சொன்னது அவதானுங்களே? நீங்கதான எழுதிக்கிட்டுப் போனீங்க?” அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். “ஏம்புள்ள, நீதான சொன்ன?”

“ஆமாங்க” என்றார் அந்த அம்மா. “நாந்தான் சொன்னன்.”

சித்திரை வெயிலில் நடந்ததை எனக்குச் சொன்னவர் எங்கள் கொத்தனார். மாட்டுக்கொட்டகைக்குக் காரை பூச அந்த வீட்டுக்குப் போயிருந்தார். கணவர் பஞ்சு விஷயமாகப் பம்பாய் போயிருந்த நாட்களில், புதுப்பெண் அக்காவை மாடிக்குக் கூப்பிட்டுத் தன்னோடு படுக்க வைத்துக்கொண்டாள். எதிர்பார்த்த நாளுக்கு முன்பே கணவர் ரயிலிறங்கி, விடிந்ததும் விடியாததுமாக வந்துவிட்டார். இருவரும் மேற்கு ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. மூத்த மனைவியை எழுப்பிக் கீழே கூட்டிவந்து, தானிய அறைக்குள் போகச் சொன்னார். வெளியே தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பாக்டரிக்குப் போய்விட்டார்.

உள்ளே ஆள் இருப்பது கொத்தனாருக்குத் தெரியாது. அந்த அம்மா கதவைத் தட்டவே இல்லை. வெயில் ஏறிய பிறகு புதுப்பெண் செருப்பில்லாமல் கொட்டகைக்கு ஓடிவந்து, “அக்கா உள்ள இருக்கறாங்க, இப்பக் கூப்புட்டாப் பேசமாட்டீங்கறாங்க” என்றாள். கொத்தனார் பாக்டரிக்கு ஓடிச் சாவி கேட்டார்.

“சாயங்காலம் நானே வந்து தொறக்கறனுங்க. வெயில் படாம இருக்கத்தான அந்த ரூமே கட்டுனது?” என்றாராம் கணவர். கொத்தனார் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பிவந்து விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண், “ஒடைங்க” என்றாள். கொத்தனார் தயங்கினார். “நாஞ் சொல்றன், சுவத்த ஒடைங்க. யாராச்சும் கேட்டா நாஞ் சொன்னன்னு சொல்லுங்க” என்றாளாம். வந்து மூன்று மாதம் ஆகாத அந்தப் பெண் அந்த வீட்டில் போட்ட முதல் உத்தரவு அதுதான். கனத்த சுவர் சுலபத்தில் இடியவில்லை. ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்ததும் இழுத்து வெளியே போட்டார்கள். நினைவு தப்பியிருந்தது. தண்ணீர் தெளித்து, விசிறி, மெல்ல மெல்லத்தான் கண் திறந்தார்.

கணவர் சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஓட்டையைப் பார்த்தார். மறுநாளே வேறு கொத்தனாரை வைத்து அடைத்துவிட்டார். புதுப்பெண்ணைக் கோபிக்கு அனுப்பினார். பெற்றவர்கள் அடுத்த மாதமே வண்டி கட்டி அவளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அந்த அம்மாவுக்கு வெள்ளகோவில் பக்கம் ஓர் அண்ணன் இருந்தார். வந்து அழைத்துக்கொண்டு போனார். எங்கள் கொத்தனாருக்கு அந்தப் பக்கம் பிறகு யாரும் வேலை கொடுக்கவில்லை.

அடுத்த வருஷம் காங்கயம் சாலையில் ஒரு வேலை வந்தபோது நான் வெள்ளகோவில் போய் அந்தத் தோட்டத்தை விசாரித்துக்கொண்டு சென்றேன். அந்த அம்மா களத்தில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இளைத்து, நிறம் மங்கியிருந்தார். பேசினால் இருமல் வந்தது. மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு தடுப்பில் படுக்கை. அண்ணன் மனைவி இரண்டு தரம் வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவரே ஆரம்பித்தார்.

“அன்னைக்கு நீங்க சொன்னப்ப உங்களத் திட்டிப்போட்டனுங்க.”

“அதெல்லாம் எதுக்குங்கம்மா இப்ப.”

“நம்பியிருந்தாலும் கண்ணாலத்த நிறுத்தியிருக்க முடியாதுங்க. எங்கண்ணன் வந்து கேட்டிருப்பாரா? மாட்டாரு.” சோளத்தைக் காலால் கிளறிவிட்டார். “ஆனா அந்த ரூமுக்கு ஒரு சன்னல் வெக்கச் சொல்லியிருப்பனுங்க.”

உள்ளேயிருந்து அண்ணன் மனைவி கூப்பிட்டாள். சோளம் காயப்போட வந்தவள் யாரோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டாள். “வாரனுங்க” என்று குரல் கொடுத்துவிட்டு அவர் போனார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை என்று காங்கயம் சாலையில் எனக்கு வேலை கொடுத்தவர் சொல்லிக் கேட்டேன்.

அந்த வீடு எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. நின்று சமைக்கும் அடுப்பையும் மலை தெரியும் ஜன்னலையும் பார்த்துவிட்டு, அதேபோல வேண்டும் என்று ஆட்கள் வந்தார்கள். நான் ஒவ்வொருவரிடமும், வீட்டில் யார் யார், ஒவ்வொருவரும் எங்கே படுப்பார்கள், விதவையான அக்கா எங்கே, வயதான சித்தி எங்கே என்று கேட்க ஆரம்பித்தேன். பலருக்கு அது பிடிக்கவில்லை. “நாங்க பிளான் கேக்க வந்தமா, பஞ்சாயத்துக்கு வந்தமா?” என்றார் ஒருவர். நண்பன் பொறுத்துப் பார்த்தான். பிறகு தனியாக ஒப்பணக்காரவீதியில் ஆபீஸ் போட்டுக்கொண்டான். வந்தவர்களில் பெரும்பாலோர் அவனிடம் போனார்கள். அவன் கெட்டவன் இல்லை. கேட்டதைக் கட்டிக் கொடுத்தான். இன்று அவன் கட்டிய வீடுகள் ஊரில் வரிசையாக நிற்கின்றன.

என்னிடம் சின்ன வேலைகள்தான் வந்தன. அப்படி ஒன்று மேட்டுப்பாளையத்தில். பாக்கு வியாபாரி ஒருவர், பழைய வீட்டில் பின்பக்கம் இரண்டு அறை சேர்க்க வேண்டும் என்றார். நான் வழக்கம்போல வீட்டிலிருந்த எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, யார் எங்கே படுப்பது என்று கேட்டேன். வியாபாரி எல்லோருக்குமாகப் பதில் சொன்னார். மனைவி வாயே திறக்கவில்லை. “உங்களுக்கு எது வசதிங்கம்மா?” என்று அவரையே பார்த்துக் கேட்டேன். வியாபாரியும் அவரைத் திரும்பிப் பார்த்தார். “அவிங்க சொன்னதுதானுங்க” என்றார் அவர்.

வியாபாரி மண்டிக்குக் கிளம்பிப் போன பிறகு நான் பின்பக்கம் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பேசினார்.

“ஏனுங்க, எல்லாரு முன்னாலயும் இப்பிடிக் கேக்காதீங்க. நீங்க கேட்டுப்போட்டுப் பஸ்ஸேறிப் போயிருவீங்க. நான் இங்கதான இருக்கோணும்.”

நான் நாடாவைச் சுருட்டினேன். “சரிங்கம்மா. இப்பச் சொல்லுங்க.”

அவர் பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்தார். பிறகு, “பின்னால இருக்கற ரூம்பு மாமியாளுக்குன்னு சொன்னாங்க. கடைசில அது எனக்குத்தானுங்க வரும். உள்தாப்பாள் ஒன்னு வேணும். வெளித்தாப்பாள் வேண்டாமுங்க” என்றார்.

உள்தாழ்ப்பாளோடு பெரிய ஜன்னல் ஒன்றையும் சேர்த்து வரைந்தேன். வியாபாரி பிளானைப் பார்த்துவிட்டு, பின் அறைக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஜன்னல், வெளித்தாழ்ப்பாள் ஏன் இல்லை என்று கேட்டார். படுக்கும் அறை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சர்க்கார் விதி வந்திருக்கிறது, மாற்றினால் அனுமதி கிடைக்காது என்றேன். அப்படி ஒரு விதியும் கிடையாது. வியாபாரி மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினார்.